ஓட்டிப் பார்த்த பாதை

காபி நன்றாக இருக்கிறது. ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி அலமாரியில் வைத்ததையும் கவனித்தேன். தவறாக நினைக்கவில்லை. எங்கள் சங்கக் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டியவனைப் பற்றி வீடு திரும்பும் வழியெல்லாம் பேசுவார்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் 'படுக்கை சைக்கிள்' என்று தட்டியிருக்கிறீர்கள். நாங்கள் படுப்பதில்லை, சாய்கிறோம். அது சாய்வு சைக்கிள். சாய்வு நாற்காலிக்கு இரண்டு சக்கரம் பூட்டி, கால் நீட்டும் இடத்தில் பெடல் வைத்தால் எப்படியோ அப்படி. படுக்கையா சாய்வா என்று தீர்மானிக்க ஒரு முழு மாலைப் பொழுது கூட்டம் போட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டு சங்கத்தைவிட்டே போய்விட்டார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுகிறாராம். கழுத்து வலி என்று கேள்வி.

நான் வந்தது வேறொரு பிழையைத் திருத்த. எங்கள் சங்கத்து ரீன்கே இறந்துபோனதைத் தெற்கே இருக்கும் உங்கள் போலீஸ் சகாக்கள் விசாரித்து, விபத்து என்று முடித்துவிட்டார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. அது தவறு. அதை மாற்ற வேண்டுமானால் முன்னே பின்னே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். வரிசையாகவே சொல்கிறேன். வரிசை எனக்குப் பழக்கம்.

வடக்குச் சாய்வோர் சங்கத்தில் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், என்ஜினீயர்கள், முதுகு பிடித்துக்கொண்டதால் இந்த சைக்கிளுக்கு வந்துவிட்டு, ஏதோ தத்துவத்தால் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். மனித குலம் முழுவதும் குனிந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது தாங்கள் மட்டும் உண்மையைக் கண்டுவிட்டதாக ஆளுக்கொரு நம்பிக்கை. ஆண்டுக்கொரு முறை, இயேசு விண்ணேறிய நாளென்று விடும் வியாழக்கிழமை விடுமுறையை வைத்து, ஞாயிறு வரை எல்லாருமாக மலைப்பக்கம் போய்வருவோம். எங்கள் ஊரில் மேடு என்று பெயர் வாங்கியதெல்லாம் வாய்க்கால் பாலங்கள்தான். அதனால் தெற்கே லிம்பர்க்குக்குப் போவோம். ஏற்றத்தில் எங்களை நடந்து போகிறவர்கள்கூட முந்திவிடுவார்கள். இறக்கத்தில் எங்களை யாராலும் பிடிக்க முடியாது. அந்த இறக்கத்துக்காகத்தான் அவ்வளவு தூரமும்.

இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பயணத்தை நான்தான் திட்டமிட்டேன். தங்கும் வீடு, யார் குறட்டை விடுவார்கள், யாரை எந்த அறையில் போடுவது, யார் இறைச்சி சாப்பிட மாட்டார்கள், எந்தக் கடையில் நிறுத்தினால் செர்ரி கேக் சூடாக இருக்கும். இதெல்லாம் யாரும் செய்யலாம். பாதைதான் முக்கியம். ஒவ்வொரு வசந்தத்திலும், பயணத்துக்கு முன்பே, கூடாரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாகப் போய், நாங்கள் போகப்போகும் வழி முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மழையில், ஆலங்கட்டியில், ஒருமுறை காய்ச்சலோடு. ஓட்டிப் பார்க்காத பாதையில் ஒருவரையும் கூட்டிப் போனதில்லை.

ஏன் என்றால், எங்கள் கண் காரின் கதவுக் கைப்பிடிக்கும் கீழே இருக்கிறது. வரிசையில் போகும்போது முன்னால் போகிறவனின் இருக்கை முதுகையும் பையையும் தவிர ஒன்றும் தெரியாது. காலை முன்னே நீட்டிக்கொண்டு போகிறோம். எதிலாவது மோதினால் முதலில் கால், பிறகு மற்றது. இந்த நாட்டில் சைக்கிள் பாதைக்குள் கார் வந்துவிடக்கூடாது என்று நட்டநடுவில் கட்டையை நட்டு வைக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. காரை எவ்வளவு தடுத்ததோ எனக்குத் தெரியாது. சைக்கிள்காரர்களை நிறையத் தடுத்திருக்கிறது. ஆகவே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் 'கட்டை' என்று கத்த வேண்டும். அடுத்தவர் அதையே கத்த வேண்டும், அடுத்தவர், அடுத்தவர், கடைசி ஆள்வரை. யாரும் எட்டிப் பார்த்து உறுதி செய்வதில்லை. கேட்டதும் விலகுவார்கள், கேட்காவிட்டால் நேரே போவார்கள். எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. முன்னால் போகிறவனின் குரலை மட்டும் அப்படியே நம்புவார்கள்.

பல வருடம் அந்தக் குரல் என்னுடையது.

டீடரிக் சங்கத்தில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கம்பெனிகளுக்கு 'மாற்றம்' பற்றி ஆலோசனை சொல்வது அவன் தொழில். தூக்கினால் பூனைக்குட்டி எடை இருக்கும் சைக்கிள் வைத்திருக்கிறான். மேட்டில் அதையும் தள்ளிக்கொண்டுதான் வருவான். வந்த புதிதில் 'கிடைமட்டத் தலைமை' என்று ஒன்றைப் பேச ஆரம்பித்தான். நாம் எல்லாரும் ஒரே உயரத்தில் சாய்ந்திருக்கிறோம், ஆகவே நமக்குள் தலைவர் என்று ஒருவர் தேவையில்லை என்பது அதன் சாரம். இதைத் தொடர்ந்து சொல்லிச் சொல்லித் தலைவராகிவிட்டான்.

ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இனிமேல் பயணத்தை ஒரு குழு திட்டமிடும் என்றான். பாதையைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும், எல்லாருடைய கருவிக்கும் அனுப்பிவிடலாம், குளிரில் ஒரு மனுஷன் தனியாகப் போய் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் போன நூற்றாண்டு என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"ஹெஸ்ஸல், எங்களுக்காக நீ எவ்வளவோ பண்ணிட்டே. இனிமே சும்மா சாய்ஞ்சுக்கிட்டு அனுபவி" என்றான்.

மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். எனக்கு 'கௌரவ முன்னோடி' என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதாவது, பாதையை அவன் போடுவான், நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பட்டத்தைப் பொன்னிற நூலில் தைத்த கொடி ஒன்றும் தயாராக இருந்தது. கூட்டம் தீர்மானிப்பதற்கு முன்பே யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன்.

ரீன்கே மட்டும் மேசையைத் தட்டவில்லை. "ஏம்ப்பா, இவன்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள்.

"இப்பக் கேக்கறோமே" என்றான் டீடரிக்.

எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னேன். பிறகு காபிக் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். அதுவும் நான்தான் செய்வது. அதற்குக் குழு எதுவும் போடவில்லை.

ரீன்கேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய கைகள். பெரிய சிரிப்பு. அவளுடைய இரும்புச் சாய்வு சைக்கிள் எங்கள் சங்கத்திலேயே பழையது. காரோட்டிகளுக்குத் தெரிய வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் சைக்கிளின் பின்னால் உயரமான கம்பில் கொடி கட்டுவோம். அவள் நீலக்கட்டம் போட்ட சமையலறைத் துணியைக் கட்டியிருப்பாள், வழியில் எங்காவது பாத்திரம் துடைக்கவும் ஆகும் என்று. மிதிக்கும்போதெல்லாம் சங்கிலி கீச்சிடும். எண்ணெய் போடு என்று வருடக்கணக்கில் சொன்னேன். "சத்தம் வந்தாத்தானே பின்னால நான் வர்றது உனக்குத் தெரியும்" என்பாள்.

ஏப்ரலில் டீடரிக் பாதையை எல்லாருக்கும் அனுப்பினான். நான் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பழக்கம்தான் இழுத்துக்கொண்டு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை மோசமில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். கேக் கடை ஒன்று வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் நாள் வழியில், பீச் மரக் காட்டுக்குள் நீளமாக ஓர் இறக்கம். கம்ப்யூட்டரில் பார்த்தால் அழகான கோடு. நல்ல தார். சைக்கிள் தானாகவே பாய்கிறது. அடியில் வலப்பக்கம் திரும்பும் வளைவு, இரு புறமும் புதர், உச்சி வெயிலிலும் இருட்டு. வளைவு முடிந்த இடத்தில், பாதையின் நடுவே, கட்டைக்கான இடம். வளைவுக்குள் நுழைந்த பிறகு கத்தினால் பிரயோஜனமில்லை. அதற்கு முன்பே கத்த வேண்டும். அதற்கு, அங்கே அது இருக்கிறதென்று முன்னால் போகிறவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதற்குத்தான் ஓட்டிப் பார்ப்பது. இதை ஜனவரியில் சொல்லியிருந்தால் மறுபடி சிரித்திருப்பார்கள்.

டீடரிக்கிடம் தெரிவித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். யோசித்தேன். சொன்னால் நன்றி சொல்லுவான், படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான், அடுத்த கூட்டத்தில் 'கூட்டு அறிவு' என்று அதற்கு ஒரு பெயர் வைப்பான். நான் கண்டது அவனுடையதாகிவிடும். அடுத்த வருடமும் அவன்தான். மனிதர்கள் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பது வாத்தியார் வேலையில் நான் கண்டது. அவன்தான் எனக்கு அடுத்து வருவதாக ஏற்பாடு. குழுத்தலைவர் கௌரவ முன்னோடிக்குப் பின்னால். அவனே போட்ட ஏற்பாடு அது.

அவனுக்கு ஒரு பாடம். நான் நினைத்தது அவ்வளவே.

வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். குறட்டைக்காரர்கள் எல்லாரையும் ஒரே அறையில் போட்டிருந்தான், அவர்களோடு என்னையும். இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டு, ஹாம், முட்டை. மே மாதத்தில் அங்கே வேறெதுவும் கேட்கக்கூடாது. மற்றவர்கள் வெளியே பீரோடு உட்கார்ந்து டீடரிக் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க, ரீன்கேயும் நானும் சமையலறையில் தண்டுகளைச் சீவிக்கொண்டிருந்தோம்.

"நீ ரொம்ப சாதுவா இருக்கே, ஹெஸ்ஸல்" என்றாள். "மாடு உதைக்கறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் நிக்கும்."

"சந்தோஷமா இருக்கேன்."

"உன் சந்தோஷத்த நான் பாத்திருக்கேன். அது இந்த மாதிரி இருக்காது. குறைஞ்சது நாலு பேரத் திட்டுவே." தண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டாள். "நாளைக்குப் போற வழிய ஓட்டிப் பாத்தியா?"

"எதுக்கு? அதான் கம்ப்யூட்டர் பாத்திருக்கே."

"கம்ப்யூட்டர் பாத்துச்சான்னு கேக்கல. நீ பாத்தியா?"

"பாக்கல."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மாட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிறவள் மாதிரி. நான் சீவிக்கொண்டே இருந்தேன்.

"சரி" என்றாள். "அப்ப நாளைக்கு நல்லாக் கத்து. எனக்கு இடது காது மந்தம்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவள் கேட்டாள், பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு, வளைவுக்கு முன்பே 'கட்டை' என்று என்னால் கத்த முடியாது. கத்தினால் பொய் தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். சில சமயம் மனிதர்களின் அக்கறையே காரியத்தைச் சிக்கலாக்கிவிடுகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். மேட்டின் உச்சியில் எல்லாரும் மூச்சு வாங்க நின்றோம். டீடரிக் தலைக்கவசத்தில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு சொற்பொழிவு ஆற்றினான். இறக்கம் என்பது தன்னை விட்டுக்கொடுத்தல், பூமியின் மேல் வைக்கும் நம்பிக்கை என்றான். பூமியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு, ஏற்பாட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னான்.

"நான் கடைசியா வர்றேன்ப்பா. எல்லாரையும் படம் புடிக்கணும்."

சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டான். அவன் விட்ட இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம் வந்து நின்றது. ரீன்கே தன் சட்டைப்பையிலிருந்து உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து என் தோளுக்கு மேலாக நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

"போலாமா, கௌரவ முன்னோடியாரே?" என்றாள்.

போனோம். முதலில் கீச், கீச் என்று கேட்டது. சரிவு தொடங்கியதும் மிதிப்பதை நிறுத்தினாள், சத்தமும் நின்றது. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேனா என்று லிம்பர்க்கில் கேட்டார்கள், ஞாபகமில்லை என்றேன். உங்களிடம் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுகிறவன் எங்கள் சங்கத்தில் இல்லை. பார்த்தேன். நீலக்கட்டத் துணி படபடத்துக்கொண்டிருந்தது, மிகக் கிட்டத்தில். என்னை நம்பியவர்கள் எப்போதும் கிட்டத்தில்தான் வருவார்கள்.

நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. அந்த இறக்கம் நீளமானது என்று சொன்னேன் அல்லவா. மிட்டாயின் உப்புக் கரையத் தொடங்கியது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், அது எனக்குத் தெரியும். சொன்னால், சமையலறையில் பொய் சொன்னவனாக அவள் முன் நிற்க வேண்டும். எதற்காக என்று கேட்பாள். அவளுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. பிரேக் பிடித்திருக்கலாமே என்றால், இறக்கத்தில் முன்னால் போகிறவன் பிரேக் பிடிப்பது மிகவும் ஆபத்து. பின்னால் வருகிறவர்கள் வந்து மோதிக்கொள்வார்கள். அது எங்கள் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. எழுதியது நான்தான்.

தவிர, கிளம்பிய பிறகு திட்டத்தை மாற்றக்கூடாது. அதையும் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

வளைவில் இடது ஓரமாக ஒதுங்கினேன். என் பை கட்டையை உரசிக்கொண்டு போனது. பின்னால் சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. அவளுக்கு அடுத்து வந்தவர் புதருக்குள் பாய்ந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். மற்றவர்கள் எப்படியோ நின்றுவிட்டார்கள். நான் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நடந்து வந்தேன். டீடரிக் கடைசியாக வந்து சேர்ந்தான். அவன் கேமராவில் இலைகள் நன்றாக விழுந்திருக்கின்றன என்று பிறகு சொன்னார்கள். ஹெலிகாப்டர் வந்தது. திரும்பிப் போகும்போது அதற்கு அவசரம் இருக்கவில்லை. வாயில் மிட்டாய் இன்னும் இருந்தது. துப்புவதற்கு இடம் தேடினேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். கட்டைக்கான இடம் என்று சொன்னேன், நீங்கள் கட்டை என்று தட்டிக்கொண்டீர்கள். ஏப்ரலில் நான் போனபோது அது அதற்கான குழியில் இல்லை. கழற்றி மாட்டும் வகை. மரம் ஏற்ற வந்த லாரிக்காகக் கழற்றி, திரும்ப மாட்டாமல் செந்தட்டிப் புதரில் எறிந்திருந்தார்கள். நான் அதை எடுத்து, துடைத்து, குழியில் இறக்கி வைத்தேன். பூட்டு தானாகவே விழுந்துகொள்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருளை வைப்பது குற்றமாகாது என்று நினைக்கிறேன், நீங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் மட்டும்தான். அது கீழேயிருந்து ஏறி வருகிறவர்கள் பக்கம் பார்த்திருக்கும்படி வைத்தேன். ஏறுகிறவர்களுக்கும் வசதி வேண்டும் அல்லவா.

பிறகு மேலே தள்ளிக்கொண்டு போய், இன்னொரு முறை இறங்கிப் பார்த்தேன். எந்தப் பக்கம் ஒதுங்கினால் போகலாம் என்று தெரிய வேண்டுமே. பிறகு மறுபடியும்.

அடக்கம் நேற்று. காபியும் ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும். ரீன்கேயின் நீலக்கட்டத் துணியைத் துவைத்து, மடித்து, பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். டீடரிக் வந்து, எல்லார் முன்னாலும் என் தோளில் கையைப் போட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன, அதை நான் மறுக்கவில்லை.

"யாரும் உன்னக் குத்தம் சொல்லல, ஹெஸ்ஸல்" என்றான். "நீ அந்த வழிய முன்னாடியே ஓட்டிப் பாக்கல, அவ்ளோதான். வயசாகுதுல்ல. நாங்கதான் உன்னக் கேட்டிருக்கணும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இரக்கத்தோடு. இருபது வருடம் என் குரலைக் கேட்டு விலகியவர்கள். ஒருவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இரவு முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் நேரே இங்கே வந்தேன்.

உங்கள் திரையில் இருப்பதும் அதே வாக்கியம்தான். 'வழிநடத்தியவர் அந்தப் பாதையை முன்னதாக ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.' அதை அடித்துவிடுங்கள். ஓட்டிப் பார்த்திருந்தார் என்று போடுங்கள். ஒவ்வொரு வளைவையும், அந்த இறக்கத்தைப் பல முறையும். மற்ற விஷயங்களை உங்கள் வசதிப்படி எழுதிக்கொள்ளலாம், எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். அந்த ஒரு வரி மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

அத்தனை பேரும் என்னை நம்பித்தானே பின்னால் வருகிறார்கள்.